கோதண்டபாணியின் வலது கை

புரட்டாசி பிறந்து இரண்டு மழை பெய்திருந்தது. மண் நெகிழ்ந்து கிடக்கும்போதே மல்லாட்டைச் செடியைப் பிடுங்கிவிட வேண்டும்; வேர்க்கடலைக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். இறுகிவிட்டால் செடி கையோடு வரும், காய் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். அதனால் திண்டிவனத்துக்குக் கிழக்கே இருக்கிற நெடுங்கரைப்பாக்கத்தில் அந்த வாரம் யாருக்கும் நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. காலனிப் பெண்கள் விடிந்ததும் மல்லாட்டைக் கொல்லைக்குப் போய், வெயில் ஏறுவதற்குள் பிடுங்கிக் குவித்துவிட்டு, பிறகு வேப்பமர நிழலில் உட்கார்ந்து காய் ஆய்வார்கள். ஆய்கிற கைக்கு ஓய்வு கிடையாது, வாய்க்கும் கிடையாது.

அன்புச்செல்வியும் இருதயமேரியும் ஒரே குவியலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் அறுபதைத் தொடுகிற வயது. ஒருத்தி அம்மன் கோயிலுக்குப் போவாள், இன்னொருத்தி மாதா கோயிலுக்கு. மற்றபடி கூலி வேலை, நூறு நாள் வேலை, சாவு, கல்யாணம் எல்லாம் சேர்ந்துதான். அன்புச்செல்வியின் புருஷன் செத்து எட்டு வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லை. தம்பி வீட்டை ஒட்டினாற்போல் இருக்கிற தொகுப்பு வீட்டில் தனியாக இருந்தாள்.

அந்தத் தம்பி அறிவுச்செல்வன்தான் வரப்போரமாக மொபெட்டை நிறுத்திவிட்டு, வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்தான். காலனிக்கு அவன்தான் கட்சியின் கிளைப் பிரதிநிதி. கூட்டம் என்றால் வண்டி பிடித்து ஆள் ஏற்றுவது, தேர்தல் என்றால் பூத் சிலிப் கொடுப்பது, மற்ற நாளெல்லாம் ஒன்றியச் செயலாளர் ராஜாமணி வீட்டு வாசலில் நிற்பது, இதுதான் அந்தப் பதவி.

எந்தக் கட்சி என்று கேட்க வேண்டாம். பெயரைச் சொன்னால் ஒருத்தர் ஆமாம் என்பார், இன்னொருத்தர் அடிக்க வருவார். ஆண்டு ஆண்டு நாற்காலி தேய்ந்துபோன கட்சி என்று வைத்துக்கொண்டால் போதும்.

“யக்கா, அந்த போட்டோ வேணும்” என்றான்.

“எந்த போட்டோ?”

“நம்ம ஊட்டுல எத்தினி போட்டோக்கா இருக்குது? அப்பா கொடியேத்துறது. கட்சி ஆரம்பிச்ச நாளுக்கு திண்டிவனத்துல மண்டபம் புடிச்சி கண்காட்சி வெக்கிறாங்க. ஒன்றியத்துல கட்சி வளந்த வரலாறு. பழைய போட்டோ இருக்கிறவங்க குடுக்கணும்னு ராஜாமணி அண்ணன் சொல்லிட்டாரு. நம்பளுதுதான் இருக்கிறதுலியே பழசாம். பெருசு பண்ணி மேடையிலயே வெக்கிறாங்களாம்.”

“மேடையிலயா?” அன்புச்செல்வியின் கை நின்றுவிட்டது.

“ஆமாக்கா. ஆளுயரத்துக்கு.”

இருதயமேரி தலையைத் தூக்கவில்லை. “போட்டோவ குடுக்காத அன்பு. செல்லுல ஒரு படம் புடிச்சிக் குடு.”

“செல்லு படம்லாம் பெருசு பண்ணா மங்கிப்பூடும் மேரிக்கா. ஒரிஜினல்தான் கேக்குறாங்க.”

“அப்ப ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கினு குடு.”

“கட்சிகிட்ட சீட்டு வாங்குறதா?” அறிவுச்செல்வன் நெஞ்சில் கை வைத்தான். “எங்கப்பா உசுரோட இருந்திருந்தா செருப்பால அடிச்சிருப்பாரு.”

அன்புச்செல்வி சிரித்துவிட்டாள். அது உண்மைதான். அவர் அடித்திருப்பார். கட்சி என்றால் அவர்கள் அப்பா கோதண்டபாணிக்கு வீடு. சொந்த வீட்டில் யாராவது சீட்டு எழுதி வாங்குவார்களா? ஊரில் எல்லாரும் செய்துகொள்கிற புத்திசாலித்தனத்தை அந்த ஒரு இடத்தில் மட்டும் அந்தக் குடும்பம் செய்ததே இல்லை.

மத்தியானம் வீட்டுக்குப் போய், ஆணியிலிருந்து படத்தை இறக்கி, கண்ணாடியை முந்தானையால் துடைத்து, தம்பி கையில் கொடுத்தாள். மொபெட்டின் முன்னால் பையில் வைத்துக்கொண்டு அவன் போகிறவரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா திண்டிவனத்துக்குப் போகிறார் என்று நினைத்தாள். அவ்வளவு சந்தோஷம்.

அந்தப் படத்தில் இருந்தது மூன்று பேர். நடுவில் சென்னையிலிருந்து வந்த தலைவர். பெரிய பேச்சாளர், பின்னால் மந்திரியாகி, செத்தும் போய்விட்டார். அவர் கையில் ஏழு மாதக் குழந்தை. அது அன்புச்செல்வி. பக்கத்தில் கொடிக்கயிற்றை இடது கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு கோதண்டபாணி. அவருடைய வலது கை மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, தோள் துண்டில் தூக்கி மாட்டியிருக்கும்.

அந்தக் காலத்தில் கட்சிக்காரர்கள் பிள்ளை பிறந்தால் பெயர் வைக்கமாட்டார்கள். தலைவர் வருவார், மேடையில் வைப்பார் என்று காத்திருப்பார்கள். அன்புச்செல்வி ஏழு மாதம் வெறும் பாப்பாவாகக் கிடந்தாள். தம்பிக்கு அதிர்ஷ்டம் இன்னும் மோசம். அடுத்த தலைவர் வரப் பதினான்கு மாதம் ஆனது. அதுவரை அவனுக்கு ‘டேய்’தான் பெயர். இன்றைக்கும் யாராவது டேய் என்றால் அவன்தான் முதலில் திரும்பிப் பார்ப்பான்.

அன்புச்செல்விக்குப் பெயர் வைக்கத் தலைவர் வருவதற்குப் பத்து நாள் முன்னால்தான் கோதண்டபாணி ஏரிக்கரை முனையில், காலனிப் பாதை பிரிகிற இடத்தில், ஒரு சவுக்குக் கம்பம் நட்டார். ஊர்க்காரர்களை ‘ஆண்டே’ என்று கூப்பிடுவதை நிறுத்தி அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. இடுப்பில் இருந்த துண்டு தோளுக்கு ஏறியிருந்தது. கட்சி கற்றுக்கொடுத்தது. அதைச் சொல்லாமல் விடக் கூடாது. கட்சி கற்றுக்கொடுத்தது, அவர் கற்றுக்கொண்டார், அந்த ஊரில் அப்படிக் கற்றுக்கொண்ட முதல் ஆள் அவர்தான்.

ஊரின் பெரிய நிலக்காரர் பெரியசாமிக்கு இதெல்லாம் பொறுக்கவில்லை. அவர் அப்போது ஆண்டுகொண்டிருந்த வேறு கட்சி. ஆள் விட்டுக் கம்பத்தை வெட்டிச் சாய்த்தார். ஏரிக்கரை மேல் நின்றுகொண்டு, கோதண்டபாணியை இழுத்துவரச் சொல்லி, “எந்தக் கையால நட்ட?” என்று கேட்டார்.

“ரெண்டு கையாலயும்தான்” என்றார் கோதண்டபாணி.

“ஒண்ணு கூழு குடிக்க இருக்கட்டும்” என்றார் பெரியசாமி. வலது கையை உடைத்தார்கள்.

பத்தாம் நாள் வேறு சவுக்கு நட்டு, மிஞ்சிய கையால் கோதண்டபாணி கொடியேற்றினார். அந்தப் படம்தான் அது. திண்டிவனத்திலிருந்து ஸ்டூடியோக்காரர் சைக்கிளில் வந்து எடுத்தார்.

அடுத்த தேர்தலில் கட்சி ஜெயித்தது. இரண்டு மாதம் போகவில்லை, பெரியசாமி வேட்டிக் கரையை மாற்றிக்கொண்டு கட்சிக்கு வந்தார். வந்த கையோடு கிளைச் செயலாளர் ஆனார். கோதண்டபாணிக்குக் கூட்டத்துக்கு ஆள் சேர்க்கிற வேலை கொடுத்தார்கள். கை கோணலாகக் கூடியிருந்ததால் மண்வெட்டி பிடிக்க முடியாது; பாட்டுப் பாடுவார், தமுக்கடிப்பார், சுவரில் சுண்ணாம்பு அடித்து இடது கையால் சின்னம் வரைவார். பெண்டாட்டி ஒரு நாள் கேட்டாள், “உன் கைய ஒடச்சவன் கீழ நின்னுக்கினு இன்னுமா கோஷம் போடுற? வெக்கமா இல்ல?” அவர் சொன்னார், “கட்சி பெரியசாமியோடது இல்லடி.”

சாகிறவரைக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

*

போட்டோ கொடுத்து ஒன்பதாம் நாள். காய் ஆய்ந்த கூலிக்கு ஆளுக்கு ஒரு கூடை மல்லாட்டையைத் தலையில் சுமந்துகொண்டு இருதயமேரியும் அன்புச்செல்வியும் வந்தார்கள். பஸ் நிறுத்தத்தில் புதிதாக பிளெக்ஸ் கட்டியிருந்தது. கட்டி முடித்த கயிற்று நுனிகள்கூட இன்னும் வெட்டவில்லை.

“தோ, உங்கப்பா” என்றாள் இருதயமேரி.

அன்புச்செல்வி கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கிட்டே போனாள். தலைவர் இருந்தார். குழந்தை இருந்தது. கொடிக்கயிறு இருந்தது. கயிற்றைப் பிடித்திருந்தவருக்கு மட்டும் தடித்த மீசையும் சந்தனப் பொட்டும் முளைத்திருந்தன. பெரியசாமி.

கீழே எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஐந்தாவது வரைக்கும் படித்தவள். ‘நெடுங்கரைப்பாக்கத்தில் முதல் கொடியேற்றம். கயிறு பிடித்திருப்பவர் கிளைச் செயலாளர் பெரியசாமி அவர்கள். தலைவர் கையில் தொண்டர் ஒருவரின் குழந்தை.’

இரண்டாம் தடவையும் படித்தாள். அப்பா எங்கும் இல்லை. அவளுக்குப் பெயர் வைத்த அந்த நிமிஷத்துப் படத்திலேயே அவளுக்கும் பெயர் இல்லை.

“மேரி” என்றாள்.

இருதயமேரி அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டாள். “அன்பு, கையப் பாருடி.”

“எந்தக் கைய?”

“பெரியசாமிக்கு எப்படி கை ஒடஞ்சிச்சி?”

அப்போதுதான் பார்த்தாள். தலையை மட்டும் வெட்டி ஒட்டியிருந்தார்கள். கழுத்துக்குக் கீழே எல்லாம் கோதண்டபாணி. மூங்கில் பத்தை வைத்த கட்டு, தோள் துண்டுத் தொங்கல், துணிக்கு வெளியே தெரிகிற ஐந்து விரல், எல்லாம் அப்படியே இருந்தது. எவன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து செய்தானோ, அவனுக்கு முகம்தான் வேலை. சொன்னவருக்கும் முகம்தான் கண்ணில் பட்டிருக்கும்.

“சிரிக்கிறியாடி?” என்றாள் அன்புச்செல்வி.

“சிரிக்காம என்னா பண்றது. ஒடச்சவன் கையிலயே கட்டப் போட்டுட்டானுவ.”

அன்புச்செல்வி சிரிக்கவில்லை. “மேரி, இந்தக் கை விசயத்த நீ யாருகிட்டயும் சொல்லாத” என்றாள். “அறிவுகிட்டகூட சொல்லாத.” கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

*

அறிவுச்செல்வன் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் மகள் செண்பகம் பக்கத்தில் உட்கார்ந்து குழம்பு ஊற்றினாள். டிகிரி முடித்துவிட்டு மூன்று வருஷமாக வீட்டில் இருக்கிற பெண். சத்துணவு அமைப்பாளர் வேலைக்கு மனு போட்டிருந்தது. ராஜாமணி ஒரு வார்த்தை சொன்னால் முடியும் என்று சொல்லிச் சொல்லியே மூன்று வருஷம் ஓடிவிட்டது.

“பஸ் ஸ்டாப்புல பாத்தியா?” என்று கேட்டாள் அன்புச்செல்வி.

அவன் களியைப் பிட்டுக் குழம்பில் தோய்த்துக்கொண்டே இருந்தான். “பாத்தேன்.”

“பாத்துட்டு எப்பிடிடா களி எறங்குது?”

“நான் என்னாக்கா பண்ணட்டும்? கேட்டேன். பிரஸ்ல தப்பாப் பூடுச்சின்னாரு.”

“தப்பா? ஒரு ஆளு மூஞ்சிய வெட்டிட்டு இன்னோர் ஆளு மூஞ்சிய ஒட்டுறது தப்பா? கைதவறி மீச மொளச்சிடுமா?”

“மெதுவாப் பேசுக்கா.”

“எதுக்கு மெதுவாப் பேசணும்? எங்கப்பன் ஏரிக்கரையில கத்துனத எட்டு ஊரு கேட்டுது. நீ எங்கப்பனுக்குப் பொறந்தவன்தானே?”

“இந்த மாசம் ஆர்டர் வருதுக்கா” என்றான் தம்பி. கண் தட்டை விட்டு எழவில்லை. “செண்பகத்துக்கு. லிஸ்டுல பேரு இருக்குதாம். விழா முடிஞ்சி ஒரு வாரத்துல கையில குடுத்துடுறேன்னு சொல்லியிருக்காரு. ஒரு வாரம். அதுக்கப்புறம் நானே போயி நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேக்குறேன்.”

“அப்புறம் நீ கேக்கமாட்ட.”

அவனுக்கும் அது தெரியும். செண்பகம் அத்தையையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை.

*

மறுநாள் காலையில் அன்புச்செல்வி வேலைக்குப் போகாமல் ராஜாமணி வீட்டுக்குப் போனாள். பெரியசாமியின் மகன்; ஒன்றியச் செயலாளர். கிரில் கேட்டுக்குள் அழைத்து, பிளாஸ்டிக் நாற்காலி போடச் சொன்னார். காபி வந்தது. அவள் அம்மா இந்த வீட்டுக்குப் பின்வாசல் வழியாக வந்து, கையை ஏந்தித் தண்ணீர் குடித்துவிட்டுப் போனவள். இன்றைக்கு மகளுக்கு நாற்காலியும் டம்ளரும் கிடைக்கிறதென்றால், அதுவும் கட்சி செய்ததுதான். அதை நினைத்ததும் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. நாற்காலியை வாங்கிக்கொடுத்தவர் முகத்தை வெட்டிவிட்டார்களே!

“போட்டோவ வாங்கிக்கினு போலாம்னு வந்தேண்ணே” என்றாள்.

“அது பாண்டிச்சேரி பிரஸ்ல மாட்டிக்கினு இருக்குதும்மா. வந்துடும்.”

“எங்கப்பா மூஞ்சி எங்கண்ணே?”

ராஜாமணி செல்போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். கோபப்படவில்லை. “இங்க பாரும்மா அன்பு. கட்சி ரெக்கார்டுல மொதல் கிளைச் செயலாளர் எங்கப்பாதான். சென்னையிலேருந்து மாநில நிர்வாகிங்க வர்றாங்க. மொதல் கொடி ஏத்துனவரு யாருன்னு கேட்டா ரெக்கார்டுல இருக்கிற பேரச் சொல்லணும் இல்ல? எங்கப்பாவுக்கு அந்தக் காலத்துக் கட்சி போட்டோ ஒண்ணுகூட இல்ல.”

“எப்பிடிண்ணே இருக்கும்? அவுரு அப்ப அந்தப் பக்கம் இருந்தாரு.”

“பழச ஏன் கெளர்ற? கடைசியில எல்லாரும் ஒரே குடும்பமா ஆயிட்டம் இல்ல? உங்கப்பா கடைசி வரிக்கும் எங்கப்பாகூடத்தானே நின்னாரு. ஒரு வார்த்த கொற சொல்லியிருப்பாரா? தங்கமான மனுசன்.” எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். “விழாவுல உனக்கு சால்வை போடச் சொல்லிட்டேன். மேடையில கூப்புட்டு, மந்திரி கையால. போதுமா? தம்பி பொண்ணு விசயமும் பேசிக்கினு இருக்கிறேன். அதுல ஒண்ணும் பேஜாரு வராம பாத்துக்குவோம்.”

கடைசி வார்த்தையை மெதுவாகத்தான் சொன்னார். அதனால்தான் அன்புச்செல்விக்கு நன்றாகப் புரிந்தது.

கையைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. “சால்வை போடறதுக்கு வந்துர்றேண்ணே” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

*

திண்டிவனத்தில் மண்டபத்துக்கு வெளியே தோரணம், செண்டை மேளம், பிரியாணி அண்டா. உள்ளே இரண்டு பக்கச் சுவரிலும் படங்கள். பார்த்துக்கொண்டே போனால் கட்சி வளர்ந்தது தெரியும்: சைக்கிள் ஊர்வலம், சிறைக்குப் போகிறவர்கள், மைக் இல்லாத மேடை, அப்புறம் அம்பாசிடர் கார், அப்புறம் பெரிய கார், அப்புறம் கார் வரிசை. முதல் சுவரில் இருந்தவர்கள் எல்லாரும் ஒட்டிய வயிறும் வெறுங்காலுமாக இருந்தார்கள். கடைசிச் சுவரில் அவர்களில் ஒருத்தர்கூட இல்லை.

மேடைக்குப் பின்னால் அந்தப் படம், ஆளுயரத்தைவிடப் பெரிதாக. அதன் முன்னால் மந்திரி, மாநில நிர்வாகிகள், ராஜாமணி. காலனியிலிருந்து வந்த இரண்டு வண்டி ஆட்கள் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். அறிவுச்செல்வன் தோளில் கரைத் துண்டோடு தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டு அங்குமிங்கும் ஓடினான்.

மைக்கில் ஒருத்தர் பட்டியல் வாசித்தார். “அடுத்ததாக, நெடுங்கரைப்பாக்கம் காலனிப் பகுதியின் மூத்த தொண்டர் ஒருவரின் மகள்…”

பெயரைச் சொல்லவில்லை. அவள் பெயரை அந்தத் தாளில் எழுதவே இல்லை போல.

அன்புச்செல்வி மேடை ஏறினாள். மந்திரி சால்வையை விரித்தார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள், தோளில் போட விடவில்லை. போட்டோ எடுக்கிறவர் இந்தப் பக்கம் பார்க்கச் சொன்னார். அவள் மைக் பக்கம் திரும்பினாள்.

“என் பேரு அன்புச்செல்வி. அந்தப் படத்துல இருக்கிற கொழந்த நான்தான். தலைவரு எனக்குப் பேரு வெக்கிறாரு. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். பெரியசாமி ஐயாவுக்கு வலது கையில கட்டு போட்டிருக்குதே, அது எப்ப ஒடஞ்சிது?”

மந்திரி திரும்பிப் பார்த்தார். நிர்வாகிகள் திரும்பிப் பார்த்தார்கள். ராஜாமணியும் திரும்பினார். அந்தக் கையை அவர் அன்றைக்குத்தான் பார்க்கிறார் என்று பின்வரிசைக்கே தெரிந்தது.

“அது… மாட்டு வண்டியில இருந்து விழுந்துட்டாரு” என்றார் ராஜாமணி.

“எந்த மாடு?” என்றாள் அன்புச்செல்வி.

எங்கோ ஒருத்தர் சிரித்தார். அப்புறம் ஒரு வரிசையே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் மைக்கை நிறுத்திவிட்டார்கள். அதனால் அவளுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. அவள் அப்பா மைக் இல்லாத காலத்துக் கட்சிக்காரர்.

“அது எங்கப்பா கை! கோதண்டபாணி கை! மொதல் கொடிக் கம்பம் நட்ட கை. நட்டதுக்கு ஒடச்ச கை. ஒடச்சது யாருன்னு எங்கூரு பெரிய மனுசங்க இங்க நாலு பேரு குந்தியிருக்காங்க, அவுங்களக் கேளுங்க. ‘ஒண்ணு கூழு குடிக்க இருக்கட்டும்’னு சொன்னது யாருன்னு கேளுங்க. அந்த ஆளுதான் நீங்க ஜெயிச்ச ரெண்டு மாசத்துல உங்க கட்சிக்கு வந்தாரு. நீங்களும் வாங்கன்னு கூப்புட்டு நாற்காலி போட்டீங்க. அன்னிக்கு எங்கப்பா பொறுத்துக்கினாரு. கட்சி பெரியசாமியோடது இல்லன்னாரு. இன்னிக்கு அவுரு மூஞ்சியே பெரியசாமியோடதுன்றீங்க! மூஞ்சிய மாத்தத் தெரிஞ்சிது இல்ல, கைய ஏன்யா மாத்தல? கை வலிச்சவனுக்குத்தான் அது கண்ணுல படும்னா?”

“டேய்!” ராஜாமணி கீழே பார்த்துக் கத்தினார். “டேய்! உங்க அக்காவக் கூட்டிக்கினு போடா!”

அறிவுச்செல்வன் தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தான். டேய் என்றால் திரும்புகிறவன், அன்றைக்கு ஒரு நிமிஷம் திரும்பவில்லை. அப்புறம் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு மேடை ஏறினான். அக்காவைப் பிடித்து இழுப்பான் என்று எல்லாரும் பார்த்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்து, சால்வையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு விறைத்து நின்றாள்.

அவன் அவளைத் தாண்டிப் போய்ப் படத்துக்குப் பக்கத்தில் நின்றான். மூங்கில் பத்தை இருந்த இடத்தில் கை வைத்தான்.

“ஐயா, இது எங்கப்பா கைதாங்க” என்றான். மந்திரியைப் பார்த்துத்தான் சொன்னான். “இந்தக் கை கோணிப் பூடுச்சி. ஒரு நாளும் என்னை இதால தூக்குனதே இல்லிங்க.”

*

வரலாறு அதற்கப்புறமும் நடந்தது. பாட்டுப் போட்டார்கள், மந்திரி பேசினார், பிரியாணி காலியானது. படத்தை மட்டும் அவசரமாக இறக்கி, சமையல்கட்டுக்குப் பின்னால் வீசியிருந்தார்கள். அறிவுச்செல்வன் அதைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டான். சால்வையை அன்புச்செல்வி மேடையிலேயே ராஜாமணி நாற்காலியில் போட்டுவிட்டு வந்திருந்தாள். இரண்டு பேரும் டவுன் பஸ் ஏறி ஊருக்கு வந்தார்கள்.

செண்பகத்துக்கு வரவேண்டிய வேலை அடுத்த வாரமே வேறொருத்திக்குப் போனது. அவள் ஒரு நாள் முழுக்க அழுதாள். மறுநாள் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு அத்தையோடு மல்லாட்டை ஆய வந்துவிட்டாள். கிளைப் பிரதிநிதி பதவியையும் பிடுங்கினார்கள். பாண்டிச்சேரி பிரஸ்ஸில் மாட்டிக்கொண்ட போட்டோ இன்னும் அங்கேயேதான் மாட்டிக்கொண்டிருக்கிறது. மூன்று தடவை அறிவுச்செல்வன் ராஜாமணி வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டான். முன்னால் வாசலில் நிற்பான், இப்போது உள்ளே போய் நின்று கேட்கிறான். அவ்வளவு வித்தியாசம்.

அன்புச்செல்வி கத்தரிக்கோல் எடுத்து, அந்த பிளெக்ஸிலிருந்து அப்பாவின் வலது கையை மட்டும் வெட்டினாள். கட்டு, துண்டுத் தொங்கல், ஐந்து விரல். பழைய ஆணியில் மாட்டினாள்.

“வெறும் கைய மாட்டி வெச்சா பாக்கிறவங்க என்னாடி நெனைப்பாங்க?” என்றாள் இருதயமேரி.

“மூஞ்சி அவுங்ககிட்ட இருக்குது. கொண்ணாந்து குடுக்கட்டும், ஒட்டிக்கிறேன்.”

மீதி பிளெக்ஸ் நல்ல கெட்டி. வீணாக்க மனசு வருமா? தொகுப்பு வீட்டுக்கு முன்னால், வெயில் விழுகிற இடத்தில் விரித்துப்போட்டுக் கூலிக்கு வந்த மல்லாட்டையைக் கொட்டிக் காயவைத்தாள். மீசையும் சந்தனப் பொட்டும் காய்க்குள்ளே மூழ்கிப்போயின. நாளுக்கு மூன்று தடவை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அதற்குள் நடந்து நடந்து காய் புரட்டுகிறாள். மல்லாட்டையைக் காலால்தான் புரட்டுவார்கள்.